சி-9 என்றால் என்ன, மாமா?

நேற்றுச் சாயங்காலம் சிதம்பரத்தில் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தபோது இருந்தவர்கள்: உங்கள் மனைவியாகிய என் அக்கா, என் வீட்டுக்காரர், நான். நீங்கள் மாலை போட்ட படத்தில் இருந்தீர்கள்; அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கீபோர்டைத் தட்டியதும் மூக்குப்பொடி வாசனை எழுந்தது. சுத்தம் உங்களுக்கு எந்தக் காலத்திலும் வராது, மாமா.

ஆருத்ரா தரிசனத்துக்கு நம் பஜனை மடத்து அங்கத்தினர் பேரில் அர்ச்சனை. பெயர்ப் பட்டியல் முழுக்க நீங்கள் எழுதிய ப்ரோக்ராமுக்குள். ஐப்பசியில் நீங்கள் போய்ச் சேர்ந்ததும் அது என் தலையில் வந்து விழுந்தது.

முன்பு எனக்கும் ஒரு நகல் போட்டுக் கொடுத்தீர்கள். எல்லார் விவரமும் எப்படி எடுப்பது என்று கடலூரிலிருந்து போனில் கேட்டேன். “செலக்ட் ஸ்டார் ஃப்ரம் மெம்பர்ஸ்னு அடிம்மா” என்றீர்கள். அர்ச்சனைக்குப் பேர் எழுதுகிறவளுக்கு ஸ்டார் என்றால் நட்சத்திரம்தான். எஸ், டி, ஏ, ஆர் என்று அடித்தேன். அப்படி ஒரு ஃபீல்டே, விவரம் போடும் பத்தியே, இல்லை என்றது கம்ப்யூட்டர். அது ‘எல்லாம்’ என்பதற்குப் போடுகிற வெறும் பூக்குறி என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை, சிரிப்பு மட்டும் வந்தது. அப்புறம் குறிஞ்சிப்பாடி கல்யாணத்தில், “நம்ம மச்சினி கம்ப்யூட்டருக்கே ஜாதகம் பாக்குது” என்று இலைக்கு இலை சொல்லிக்கொண்டு போனீர்கள். நானும் ஒரு இலையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கோபத்தில்தான், சமையலுக்கும் பிரதோஷத்துக்கும் நடுவில், ஒரு கிழிந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தேன். டேட்டாபேஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உன்னிடம் என்னென்ன டேபிள், என்னென்ன ஃபீல்டு என்று அதற்குப் புரிகிற எஸ்க்யூஎல் பாஷையில் அதையே கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடும். இத்தனை வருஷம் உங்களோடு இருந்தும் அதற்கு உங்கள் புத்தி தொற்றவில்லை.

நேற்று நானே எழுதிய சின்ன ப்ரோக்ராமிலிருந்து அப்படிக் கேட்டேன். சி-1, சி-2, சி-3 என்று வந்தது. பேர், நட்சத்திரம், கோத்திரம் எதற்கும் பெயரே வைக்கவில்லை நீங்கள். உங்களை விட்டால் மடத்தில் ஒன்றும் நகரக் கூடாது, அதற்குத்தானே?

உள்ளே இருந்ததைப் பார்த்து மற்றதெல்லாம் புரிந்துகொண்டேன். சி-9 மட்டும் பிடிபடவில்லை. சிலருக்கு 1, சிலருக்கு 0. “பூஜ்யம்னா தவறிப்போனவுங்களா இருக்குமோடி” என்றாள் அக்கா. போனவர் பேரை இருப்பவர் அர்ச்சனையில் படிக்கக் கூடாது. இருப்பவரைப் போனவராக்கிவிட்டால் அது மகா பாவம். பூஜ்யம் வாங்கியவர்கள் எல்லாரும் வெளியூரிலிருந்து நீங்கள் சேர்த்துவிட்டவர்கள். எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

ஒவ்வொரு ஃபீல்டுக்கும் குறிப்பு எழுதி வைக்க இடம் உண்டு. அதையும் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் காலி. சி-9க்கு மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்து வைத்திருக்கிறீர்கள்: “என்னைக் கேக்கவும்.”

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. உங்கள் பேருக்கு நேரே 1 இருக்கிறது. “இத மாத்தணுமாடி?” என்றாள். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சரி, கேட்கிறேன். 0 என்றால் என்ன, 1 என்றால் என்ன? கனவில் வந்தோ பல்லி வாக்கிலோ, ஆருத்ராவுக்கு முன்னால் சீக்கிரம் பதில் சொல்லுங்கள், மாமா.