மதியத்தில் சட்டை எங்கே இருக்கிறது?

ஜூன் 9, திங்கள்
மாலை ஏழுக்கு மறுபடியும் விளக்குகள் மங்கின. எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் தாங்கவில்லை. மதியத்தில் மின்சாரம் பாதிக் கட்டணம் என்று மின்வாரியத்தில் நான் போட்ட திட்டத்தை யாரும் சீண்டவில்லை. ஜூலை பத்துக்குள் மாலைச் சுமை குறையாவிட்டால் எங்கள் எதிர் மனையில் டீசல் ஜெனரேட்டர் வைத்துவிடுவார்களாம். தலைமைப் பொறியாளர் சொல்லிவிட்டார். பாப்பாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. அந்தப் புகையில் என்ன செய்வாள்?

ஜூன் 12, வியாழன்
எதிர் மனையில் ஜெனரேட்டருக்கு மேடை கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூன் 17, செவ்வாய்
கத்திவிட்டேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறேன், என் வீட்டிலேயே மாலை ஏழுக்கு வாஷிங் மெஷின் ஓடுகிறது. இவருக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி, பகலெல்லாம் வீட்டில்தான். மதியமே போட்டால் என்ன என்று கேட்டேன்.

"மதியம் சட்டை ஸ்கூல்ல இருக்கே."

பாப்பாவுக்கு ஒரே செட் சீருடை, அதுவும் வெள்ளை. மாலையில் வரும், துவைக்கணும், ஈரம் போக இஸ்திரி போடணும், காலையில் போட்டுக்கொண்டு போகணும். தெரு முழுக்க அதே பள்ளி, அதே வெள்ளை. எல்லாக் கணக்கும் போட்டேனே — இந்தச் சட்டையை எப்படி விட்டேன்?

ஜூன் 18, புதன்
சீருடையைத் திங்கள், வியாழன் மட்டும் என்று மாற்றப் பள்ளியில் பேசலாமா என்றேன். மறுநாள் மதியம் சட்டை வீட்டில் இருக்கும், அப்போதே துவைத்துவிடலாம். தலைமைப் பொறியாளர் சிரித்தார். "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்கம்மா."

தனியாகவே போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்
ஒழுங்கு கெட்டுவிடும், மின்வாரியத்துக்கு இதில் என்ன வேலை என்றார் தலைமையாசிரியை. எழுந்து வந்திருக்கணும். வரவில்லை. பாப்பா மூச்சுக்குத் திணறுவதைச் சொல்லும்போது அழுதே விட்டேன். வெட்கக்கேடு.

"ரெண்டு வாரம் பாக்கலாம். பசங்க ஆட்டம் போட்டா நிறுத்திடுவேன்."

ஜூலை 2, புதன்
மணி ஏழு. மங்கவில்லை. நம்பப் பயமாயிருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்
இன்றும் மங்கவில்லை. தலைமையாசிரியையும் நிறுத்தவில்லை. ஆனால் மேடை அப்படியே இருக்கிறதே.

ஜூலை 11, வெள்ளி
தலைமைப் பொறியாளர் பாராட்டவெல்லாம் இல்லை. அடுத்த தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளி என்று மட்டும் கேட்டார். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். இவர் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். எதிரே, ஜெனரேட்டர் மேடையில் யாரோ கயிறு கட்டி வெள்ளைச் சட்டைகளைக் காயப்போட்டிருந்தார்கள்.