ஐந்நூறு மைல் பழகிய கிளட்ச்

மார்ச் 9
கிளட்ச் நழுவுகிறது. மூன்றாம் கியரில் எஞ்சின் அலறுகிறது, கார் காதில் வாங்காதது போலப் போகிறது. ரஸ் அண்ணன் சிரித்தான். "என் கால் மாதிரியே இருக்கு பாரு."
நான் சிரிக்கவில்லை.

மார்ச் 11
எழுதி வைத்துவிட வேண்டும். போன நவம்பரில் டாக்டர் சொன்னது: இடது பாதத்தில் தொடங்கியிருக்கிறது, மேலே ஏறும். தசைகள் ஒவ்வொன்றாகச் சொல் கேட்பதை நிறுத்தும். அண்ணன் கேட்டது ஒன்றுதான். "கிளட்ச் எத்தனை நாள் மிதிக்கலாம்?" டாக்டருக்குப் புரியவில்லை. கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர் போலிருக்கிறது.
லைமா ஊரில், இந்த வீட்டுக் கொட்டகையில், ஒன்பது வருடமாக அவன் கட்டிய கார். 1970-ஆம் வருட மாடலின் உடல், எழுநூறு குதிரைத்திறன். கால் மைல் பந்தயப் பாதையில் இன்னும் ஒரு தடவைகூட ஓடவில்லை. ஒரே ஓட்டம், தன் காலால். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. யாரிடமும்.

மார்ச் 14
ஓடிஸ் வந்தான். பள்ளியிலிருந்தே அண்ணனின் கூட்டாளி, இப்போது கியர்பாக்ஸ் பட்டறை வைத்திருக்கிறான்.
"ஆட்டோமேட்டிக் மாத்தித் தர்றேன்டா. இடது காலுக்கு வேலையே இல்ல."
"அப்ப நான் எதுக்கு? பக்கத்துல உக்காந்து பாப்கார்ன் திங்கவா?"
ஓடிஸ் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் 17
கிளட்ச் விற்கும் மார்லீனுக்கு அண்ணன் போன் போட்டான். ஸ்பீக்கரில்.
"எத்தனை ஹார்ஸ்பவர்?"
"எண்ணூறு."
"நெஜமா எத்தனை?"
"...எழுநூறு."
"எல்லாரும் நூறு சேத்துத்தான் சொல்வீங்க. அதை நம்பிக் குடுத்தா பெடலை மிதிக்க ரெண்டு ஆள் வேணும்."
சிரித்தான். சிரித்துவிட்டு, ஒற்றைப் பிளேட்டில் இருப்பதிலேயே கடினமானதைத்தான் கேட்டான். பந்தயக்காரர்கள் போடுவது அதுதானாம்.

மார்ச் 18
மார்லீனை நான் தனியாகக் கூப்பிட்டேன். அவன் சொல்லாததைச் சொன்னேன்.
"ரெட்டைப் பிளேட் போடும்மா. பாரத்தை ரெண்டும் பங்கு போட்டுக்கும். பெடல் வெண்ணெய் மாதிரி எறங்கும். ஆனா ஐநூறு மைல் பழக்கணும், ஊருக்குள்ள, நின்னு நின்னு. ஹைவேல ஓட்டறது கணக்குல சேராது. அதுக்குள்ள பந்தயத்துக்குப் போனா பிளேட் எரிஞ்சு வழுக்கும்."
ஆர்டரை மாற்றினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. இது துரோகமா?

ஏப்ரல் 2
மாட்டியாயிற்று. அண்ணன் மிதித்தான். மறுபடி மிதித்தான்.
"இது நான் கேட்டதில்ல."
"இல்ல."
"சர்ச்சுக்குப் போற கெழவி ஓட்டற கிளட்ச்சு."
மதியம் முழுக்கக் கொட்டகையிலேயே கிடந்தான். சாயங்காலம் கதவைத் தட்டினான். "புரொஃபசர், வெளிய எடுக்கலாம், வா." படிப்பைப் பாதியில் வைத்துவிட்டு நான் ஊருக்கு வந்ததிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

ஏப்ரல் 20
61 மைல்.
இன்று பந்தயப் பாதை திறந்தது. "ஒரே ஒரு ஓட்டம்" என்றான். கிளட்ச்சோடு வந்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினேன்: ஐந்நூறு.
"தாள்ல அச்சடிச்சிருந்தா நீ எதையும் நம்புவடி."
"தங்கச்சி சொல்றது சரிடா" என்றான் ஓடிஸ். "பழகாத பச்சைப் பிளேட்டை எரிக்காத."
அண்ணன் சாவியை ஆணியில் மாட்டினான்.

மே 6
140. பள்ளிக்கூடத் தெரு, சர்ச் தெரு, திரும்பவும் பள்ளிக்கூடத் தெரு. சிவப்பு விளக்கைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் என் அண்ணன்.

மே 29
233. இடது தொடையைக் கையால் தூக்கி வைத்து மிதிக்கிறான். நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15
290. பேக்கரி சிக்னலில் கால் இறங்கவில்லை. கார் குலுங்கி நின்றது. பின்னால் ஹார்ன், ஹார்ன். "தெரியலைன்னா வண்டிய வித்துட்டுப் போடா!" என்று ஒருவன் கத்தினான்.
இடம் மாறி உட்கார்ந்தோம்.
வெண்ணெய் மாதிரி பெடல் — அதைக்கூட.

ஜூன் 16
மிதிப்பது என் கால். கியர் மாற்றுவது, வலப்பக்கத்து இருக்கையிலிருந்து, அவனுடைய இடது கை. "இப்ப" என்பான். மிதிப்பேன்.

ஜூலை 21
402.
கிளட்ச் ஒரே ஒரு தடவை பிடிச்சிருந்தா போதும்ல? அன்னிக்கே அவனை ஓட்ட விட்ருக்கலாம்ல? எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது. அறுபதாயிரம் மைல் உழைக்கும்னு போட்டிருக்கான். யாரு ஓட்டப் போறா அறுபதாயிரம்? கால் சரியா இருந்த ஏப்ரல் சனிக்கிழமைய நான்தான் — ஒரு காகிதத்துக்காக —

ஜூலை 22
அவனிடமே சொல்லிவிட்டேன். அழாமல் சொல்ல நினைத்திருந்தேன்.
"சாவி ஆணியிலதான தொங்குச்சு" என்றான். "நீ தூங்கறப்ப நானே எடுத்துட்டுப் போயிருக்கலாம்."
"ஏன் போகல?"
"நல்ல கிளட்ச்சு. கெடுக்க மனசு வரல."
ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான். கார் கட்டுகிற இந்த மனிதர்களே அப்படித்தான். அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 30
487. கியரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. என் கையை வைத்து, அதன்மேல் அவன் கையை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 13
ஐந்நூறு.

செப்டம்பர் 14
ஓடிஸ் காரை டிரெய்லரில் ஏற்றிப் பாதைக்குக் கொண்டுவந்தான். பக்கத்தில் ஆள் உட்கார அங்கே அனுமதியில்லை. அண்ணன் சக்கர நாற்காலியில், வேலியோரம். நான் ஓட்டினேன். பச்சை விளக்கு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தேன். முதுகில் யாரோ உதைத்தது போலிருந்தது.
திரும்பி வந்ததும் கேட்டான்: "புடிச்சுதா?"
"புடிச்சுது."
"வழுக்கல?"
"கொஞ்சம்கூட இல்ல."
தலையாட்டினான். ஓட்டத்தின் நேரம் அச்சடித்த சீட்டை ஓடிஸ் அவன் மடியில் வைத்தான். அதில் கார் எண்தான் அச்சாகிறது, ஓட்டியவர் பெயர் கிடையாது.

பிப்ரவரி 26
சக்கர நாற்காலியைப் போன வாரம் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தோம்.
இன்று காரை விலைக்குப் பார்க்க ஒருவர் வந்தார். பெடலை மிதித்துப் பார்த்தார். கிளட்ச் எப்படி என்று கேட்டார்.
"ஐநூத்தி மூணு மைல்தான் ஓடியிருக்கு" என்றேன். "நல்லா பழகியிருக்கு."