ராங்கியின் இடது கால்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

இப்படி ஆரம்பித்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். நாலு வருஷமாகப் பிரிந்திருக்கும் மனைவிக்கு எழுதுகிறவன் வேறு எப்படி ஆரம்பிப்பான்? பயப்படாதே, வக்கீல் சமாசாரம் ஒன்றுமில்லை. ராங்கி நொண்டுகிறாள்.

வலது முன்னங்கால். குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் குட்டை மூட்டு புடைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் குதிரையேற்றப் பள்ளிக்கு வரும் டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "மூட்டு தேஞ்சுபோச்சு. ஊசி போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம், இல்லேன்னா..." என்று இழுத்தார். அந்த இழுவைக்குப் பிறகு சொன்னதை நான் எழுத மாட்டேன். பிளேட் வைத்து மூட்டைச் சேர்த்துவிட்டால் வலி நிற்கும் என்றும், அதைச் செய்ய இந்தப் பக்கத்தில் உன்னை விட்டால் ஆள் கிடையாது என்றும் அவரே சொன்னார். நீ என் மனைவி என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நம் வாலு போனதிலிருந்து அவள் குதிரைமேல் வேறு யாரையும் நான் ஏற்றியதில்லை. சும்மா தீனி போட்டு வைத்திருக்கிற கிறுக்கன் என்று பள்ளியில் எனக்குப் பெயர். பெற்ற பிள்ளைக்கு அப்புறம் நம் இரண்டு பேருக்கும் பொதுவாக மிச்சம் இருப்பவள் இவள் ஒருத்திதான். போனில் பேசட்டுமா?

வாலுவின் அப்பா

ஜனவரி 16

வாலுவின் அப்பாவுக்கு,

போன் வேண்டாம். "சாதாரண ஜுரம்தான், நீ பரீட்சையை முடிச்சுட்டு வா" என்று நீங்கள் போனில் சொன்னதை நான் ஒரு தடவை நம்பியாயிற்று. நான்காம் நாள் காலை வந்து இறங்கியபோது நம் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. எழுதுங்கள். எழுத்தை நான் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொள்ள முடியும்.

உங்களுக்கு மறந்திருக்கலாம். நான் அந்த இரண்டு மாதம் ஊரைவிட்டுப் போய்க் கற்றுக்கொண்டதே இந்த ஆபரேஷனைத்தான். அதன்பிறகு இருபத்தாறு குதிரைகளுக்குச் செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கை கழுவும்போது அந்த வாசல் நினைவுக்கு வரும். வந்தாலும் செய்வேன், அது என் வேலை.

ராங்கியை அனுப்புங்கள். அந்த மூட்டு இனி மடங்காது, மடங்காததால் வலிக்காது. ஓட மாட்டாள். புல்வெளியில் நிம்மதியாக நடப்பாள். உங்களுக்குச் சம்மதம்தானே?

டாக்டர் என்றே கூப்பிடுங்கள், தப்பில்லை.

பிப்ரவரி 3

வாலுவின் அப்பாவுக்கு,

ராங்கி எழுந்து நின்றுவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

மூட்டில் மிச்சமிருந்த குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, எலும்போடு எலும்பு உட்காரும்படி வைத்து, முன்பக்கம் மூன்று துளைப் பிளேட்டும் அதற்கு இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்குரூவும் போட்டேன். இரண்டே முக்கால் மணி நேரம். என் பயமெல்லாம் அதற்கப்புறம்தான். மயக்கம் தெளிந்து திமிறி எழும்போது போட்டதையெல்லாம் உடைத்துக்கொள்ளும் குதிரைகள் உண்டு. தலைக்கும் வாலுக்கும் கயிறு கட்டி நாலு பேர் பிடித்தோம். இரண்டு தடவை சரிந்தாள். மூன்றாவது தடவை நின்றாள். நின்றதும் என் சட்டைப் பையில் மூக்கை நுழைத்துத் தேடினாள். நம் வாலு சர்க்கரைக் கட்டி வைத்துப் பழக்கிய பழக்கம். அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

மாவுக்கட்டோடு இம்மாதக் கடைசியில் அனுப்புகிறேன். ஒன்றை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வலது காலை நான் பார்த்துக்கொண்டேன். நீங்கள் பார்க்க வேண்டியது இடது காலை. வலது வலிக்கிறபோதெல்லாம் பாரத்தை அதன்மேல்தான் போடுவாள். அது தாங்கமாட்டாமல் குளம்புக்குள் அழற்சி வந்தால், எலும்பைக் குளம்போடு பிடித்திருக்கும் சதை விட்டுப்போகும். பிறகு நானும் ஒன்றும் செய்ய முடியாது. காலையும் மாலையும் இடது குளம்பைத் தொட்டுச் சூடு பாருங்கள். கணுவின் பின்னால் விரல் வைத்து நாடி பாருங்கள். சூடு தெரிந்தால் அன்றைக்கு மட்டும் கடிதம் வேண்டாம், அந்த நிமிஷமே போன் செய்யுங்கள். முதல் நாளே தெரிந்தால் காப்பாற்ற வழி உண்டு.

வாலுவின் அம்மா

மார்ச் 19

வாலுவின் அம்மாவுக்கு,

கடிதத்தின் அடியில் 'வாலுவின் அம்மா' என்று போட்டிருந்தாய், நானும் மேல்வரியை மாற்றிக்கொண்டேன்.

உன் பேஷன்ட் அமர்க்களமாக இருக்கிறாள். வந்த இரண்டாம் நாளே தண்ணீர் வாளியை உதைத்துக் கவிழ்த்தாள். மூட்டைத்தான் நீ சரி செய்தாய், திமிரைச் சரி செய்யவில்லை. போன வாரம் டாக்டர் வந்து மாவுக்கட்டைப் பிரித்தார். எக்ஸ்ரே படம் இத்துடன் இருக்கிறது. அட்டைக்குள் வைத்து ஒட்டியிருக்கிறேன், தபால்காரர் மடக்கினால் அவரை உன்னிடம்தான் அனுப்புவேன். "இப்பிடி ஒரு வேலைய நான் பாத்ததே இல்ல சார்" என்றார் டாக்டர். "என் பொண்டாட்டி சார்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் வாயைப் பிளந்தார். சொன்னது தப்பா?

இடது குளம்பு இரண்டு வேளையும் ஜில்லென்று இருக்கிறது.

வாலுவின் அப்பா

மார்ச் 26

வாலுவின் அப்பாவுக்கு,

தப்பில்லை.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிளேட் அசையவில்லை, எலும்பு கைகோக்க ஆரம்பித்திருக்கிறது. உங்கள் வாளிக் கதையைப் படித்து ஆஸ்பத்திரியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நர்ஸ் வந்து, "என்ன மேடம், ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டாள். நான் சிரிப்பது அவளுக்கு அவ்வளவு புதுசு.

ஒரு பகல் பயணம்தான். இருந்தும் நாலு வருஷமாக அந்த வீட்டுப் பக்கம் வர எனக்குக் கால் வரவில்லை. மே மாதம் ராங்கியை நடக்கவிடும் நாளில் வருகிறேன். அன்று திரும்பிப் போக அவசரப்பட மாட்டேன். வாலுவின் அறையைத் திறந்து பார்க்க வேண்டும். சாவி உங்களிடம்தானே இருக்கிறது?

வாலுவின் அம்மா

ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

சாவி என்னிடம்தான் இருக்கிறது. அறைக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்துவிட்டேன். கதவுப் பக்கம் அவள் உயரத்தைப் பென்சிலால் குறித்த இடத்தில் மட்டும் பிரஷ் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ராங்கிக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு நாளாகப் படுத்தே கிடக்கிறாள், சோம்பேறி. இடது காலும் அப்படியேதான். நீ நிம்மதியாக வேலையைப் பார். மே மாதம் வந்தால் போதும்.

உன்னுடையவன்

ஏப்ரல் 21

வாலுவின் அப்பாவுக்கு,

பதினான்காம் தேதி நீங்கள் போன் செய்த உடனே கிளம்பிவிட்டேன். நான் வந்து பார்த்தபோது இடது குளம்பின் அடியில் எலும்பு இறங்கியிருந்தது. ராங்கியால் எழுந்து நிற்க முடியவில்லை. இருந்தும் என் சட்டைப் பைக்குத் தலையைத் தூக்கினாள். நான் அவசரத்தில் ஒன்றும் எடுத்துவரவில்லை. கடைசி ஊசியை நானே போட்டேன். வேறு ஒருவர் கை அவள்மேல் படுவதை என்னால் பார்த்திருக்க முடியாது.

"எத்தனை நாளா சூடு இருக்கு?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு நாளா," என்றீர்கள். "நாலு வருஷம் கழிச்சு நீ சிரிச்சேன்னு எழுதியிருந்தே. அதக் கெடுக்க மனசு வரல. ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நெனச்சேன்."

இங்கே வந்து உங்கள் ஏப்ரல் இரண்டாம் தேதிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கணக்குச் சரியாக இருக்கிறது. குளம்பைத் தொட்டுவிட்டு வந்த கையால்தான் அதை எழுதியிருக்கிறீர்கள்.

வலது காலைத் திறந்து பார்த்தேன். என் கையால் இதைவிடச் சுத்தமாகச் சேர்ந்த மூட்டு இல்லை. அந்தப் பிளேட் என் மேஜைமேல் இருக்கிறது. என்மீதும் தப்பு உண்டு. வீட்டுக்குப் பயந்துகொண்டு உங்கள் எழுத்தை நம்பி இங்கேயே இருந்துவிட்டேன். மார்ச்சில் ஒரு தடவை வந்திருந்தால் இடது காலுக்கு அப்போதே இன்னும் ஏதாவது செய்திருப்பேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை. எனக்கு வலிக்கக் கூடாது என்று நினைக்கிறவர். அந்த நினைப்புக்கு இரண்டு தடவை பறிகொடுத்துவிட்டேன். மூன்றாவது தடவைக்கு என்னிடம் யாரும் இல்லை.

மே மாதம் வரமாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாலுவின் அந்த மூன்று நாட்களையும் மணிவாரியாக எழுதி அனுப்புங்கள். "கடைசி வரைக்கும் தூங்கிக்கிட்டுதான் இருந்தா, ஒன்னும் கேக்கல" என்று அன்று சொன்னீர்கள். இப்போது அதையும் நம்ப முடியவில்லை. எனக்காக எதையும் குறைக்காதீர்கள். பதில் போடுவேனா என்று தெரியாது. ஆனால் படிப்பேன்.

வாலுவின் அம்மா

மே 5

வாலுவின் அம்மாவுக்கு,

ஒன்பது தாளைக் கிழித்துப் போட்டேன். எல்லாவற்றிலும் மன்னிப்புதான் இருந்தது. நீ கேட்டது அது இல்லை.

முதல் நாள். காலை ஏழரை, நூற்றிரண்டு. தலை வலிக்கிறது என்றாள். பள்ளிக்கூடம் வேண்டாம் என்றேன், குஷியாகிவிட்டாள். சாயங்காலம் நீ போன் செய்தபோது நூற்று மூன்று. சாதாரண ஜுரம் என்றேன். அப்போது நானும் அப்படித்தான் நம்பினேன்.

இரண்டாம் நாள். காலை ஆறு மணிக்கு வாந்தி. ஜன்னலைச் சாத்தச் சொன்னாள், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். பத்து மணிக்குக் கழுத்தை வளைக்க முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார், அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அங்கே சேர்த்த கையோடு, பன்னிரண்டரைக்கு நீ போன் செய்தாய். தூங்குகிறாள் என்றேன். அவள் விழித்துக்கொண்டு என் பக்கத்திலேயே படுத்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். மறுநாள் உனக்குப் பரீட்சை. ராத்திரிக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள். ஆஸ்பத்திரி. காலையில் என்னை அடையாளம் தெரியவில்லை. மத்தியானம் மூன்றரைக்குத் தெளிந்தாள்.

"அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள். உன்னிடம் மறைத்தது இதைத்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டாள்.

"அம்மா பஸ் ஏறிட்டாடா. வந்துக்கிட்டே இருக்கா," என்றேன்.

"சரி, வரட்டும்," என்று கதவுப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மூன்று ஐம்பதுக்கு நர்ஸ் என்னை வெளியே நிற்கச் சொன்னாள்.

உனக்கு நான் போன் செய்தது அதற்கப்புறம்தான், நாலேகாலுக்கு.

வாலுவின் அப்பா