சுற்றின் மற்றப் பாதி

புரட்டாதி 7, ஞாயிறு

அண்ணையை நாடு கடத்துவது அம்மாதான். அரசாங்கம் இல்லை. நேவி இல்லை. அம்மா.

வெயில். காற்று விழுந்துவிட்டது. கடல் தகரம் மாதிரிக் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கீழே போய் உவர்க்கத் தொடங்கிவிட்டது.

காரணம் நானாம். பருத்தித்துறைச் சம்பந்தம், மாப்பிள்ளை லண்டனில். அவர்கள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்குச் செய்கிறதைச் செய்யுங்கோ என்றார்களாம். கேட்காமல் கேட்பது இந்த ஊரில் ஒரு படிப்பு. அப்பா செத்த வீடு, ஆகவே அண்ணை செய்ய வேண்டும். வலையை நம்பிச் செய்ய முடியாது. இழுவைப் படகுகள் வந்து போனபின் எங்களிடம் மிஞ்சியது வலை இல்லை, நூல். ஆகவே வெளிநாடு. ஆகவே மலை.

கல்யாணம் வேண்டாம் என்று பலதரம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தரமும் அம்மா மீன் விலை பற்றிக் கதைத்தார்.

புரட்டாதி 10, புதன்

ஏஜென்சிக்காரர் (இனி ஏ.) நெல்லியடிக் கூல்பாரில் சந்தித்தார். சென்ற் மணம், சுத்தமான நகம். எனக்கும் அண்ணைக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார், சின்னப் பிள்ளைகளுக்குப் போல.

திட்டம்: மலைக்கு இந்தப் பக்கத்து நாட்டுக்கு ரூரிஸ்ற் விசா கிடைக்கும். அந்தப் பக்கத்து நாட்டில் வேலை. (பெயர்களை எழுதப் போவதில்லை.) அண்ணையும், ஏ. அனுப்புகிற இன்னொருவனான கொடிகாமத்துத் திலீப்பும் மலை நடக்க வந்த உல்லாசப் பயணிகள். ஒரு சுற்று. முதுகில் கூடாரம், பாதை இல்லாத இடங்களால் நடை, மூன்று உயரமான கணவாய்கள், கடைசியில் புறப்பட்ட ஊருக்கே திரும்புதல். கேட்கிறவர்களுக்குக் காட்ட அதற்கொரு வரைபடம். இரண்டாவது கணவாய்தான் எல்லை. அங்கே சுற்றை விட்டு மற்றப் பக்கம் இறங்குவது.

வெள்ளைக்காரர் லீவு எடுத்து இதைச் செய்கிறார்களாம், சந்தோஷத்துக்கு. முதுகில் மூட்டை, கூடாரம், பாதை இல்லாத நடை. எங்கள் ஊரில் இதற்கு இடப்பெயர்வு என்று பெயர்.

ஏ. கீறிக் கொண்டுவந்த கோடு ஓர் ஓங்கலுக்கு மேலால் போகிறது. சமவுயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அது செங்குத்துப் பாறை, ஓ.எல். படிக்கிற பிள்ளைக்கே தெரியும். சொன்னேன்.

"தங்கச்சி, உது சும்மா காட்டுறதுக்கு. ஆர் அளந்து பாக்கப் போறான்?"

"நடக்கிறவர் அளப்பார்."

அண்ணை ஐஸ்கிரீமைப் பார்த்துச் சிரித்தார். நானே கீறித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். புவியியல் ரியூசன் ரீச்சர் நான். மலையை நேரில் கண்டதில்லை. பள்ளிக்கூடம் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது எனக்குக் கொப்புளிப்பான் வந்து படுத்துவிட்டேன்.

அண்ணை போகக் கூடாது. ஆனால் போகத்தான் போகிறார். அந்த மனிதரின் கோட்டில் போவதைவிட என் கோட்டில் போகட்டும்.

புரட்டாதி 13, சனி

மணற்காட்டில் பயிற்சி. குடாநாட்டில் ஏறுவதற்கு வேறென்ன இருக்கிறது? அண்ணையின் முதுகுப்பைக்குள் ஈர மணல் நிரப்பிய உரப்பை. மணல் மேட்டில் ஏறுவதும் இறங்குவதுமாகக் காலை முழுக்க. திலீப் சத்தி எடுத்தான்.

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, மணலைத் தூக்கிக்கொண்டு மணலிலை ஏறி என்ன செய்யப் போறியள்?"

"மேலை விலை கூடவாம் அக்கா," என்றார் அண்ணை.

பாதை இல்லாத இடத்தில் திசை பிடிப்பது பற்றி வகுப்பு எடுத்தேன். அண்ணைக்கு அது பகிடி.

"கடலிலை ஆரடி பாதை போட்டு வச்சிருக்கிறான்? ஜிபிஎஸ் புள்ளியைத் தா. புள்ளிக்குப் புள்ளி விடுவன்."

கடலில் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு. மலையில் நேர்கோடு சாவு. மணலில் ஒரு மலை குவித்து, விரலால் சுற்றிச் சுற்றிக் கோடு போட்டுக் காட்டினேன். எங்கே நெருக்கம், எங்கே இடைவெளி, ஏன் வளைந்து வளைந்து போக வேண்டும். குந்தியிருந்து கவனமாகக் கேட்டார். கடைசியில்: "அப்ப நீ கீறின கோட்டை விட்டு விலகக் கூடாது. அவ்வளவுதானே?"

ஓம் என்றேன்.

வாங்க: கையுறை, கம்பளிக் காலுறை (யாழ்ப்பாணத்தில் எவன் விற்கிறான்?), காஸ் அடுப்பு, பவர் பாங்க், கொப்புளத்துக்குப் பிளாஸ்ரர், எள்ளுப்பாகு, பருத்தித்துறை வடை. சப்பாத்து கொழும்பில் ஒருவர் கழித்தது, அண்ணைக்குக் கொஞ்சம் பெரிது.

புரட்டாதி 16, செவ்வாய்

வரைபடத்தின் முதல் பாதி முடிந்தது. இப்படி ஒரு வேலை நான் வாழ்நாளில் செய்ததில்லை. ஒவ்வொரு சரிவும் பார்த்தாயிற்று. தண்ணீர் எங்கே, கூடாரத்துக்கு மட்டமான தரை எங்கே, பழைய பனி எந்த மூலையில், காற்று எந்தப் பக்கத்தால். முதற் கணவாய் (க1) வரை புல். க1 இலிருந்து க2 வரை கல், ஆனால் நடக்கலாம். செய்மதிப் படத்தில் பார்த்துப் பார்த்து அந்தக் கற்களை எனக்கு வீட்டுக்கு வருகிற எங்கள் ஒழுங்கை மாதிரித் தெரியும்.

மற்றப் பாதி, அதாவது க2 இலிருந்து க3, பிறகு ஊர். அதில் ஒருவரும் நடக்கப் போவதில்லை. ஏ. போனில் அவசரப்படுத்தினார். அம்மா அடுக்களையிலிருந்து: மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருகிறார்கள், சேலையை மாற்று. ஒரு கையில் சேலைப் பின், மற்றக் கையால் கீறி முடித்தேன். வடிவாக வந்தது, முட்டை மாதிரி. அனுப்பினேன். ஏ. ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

பெண்கள் என் நடையைப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். அண்ணன்காரன் வெளியாலை போகிறாராமே என்றாள் ஒருத்தி. இரகசியமாம். ஒழுங்கை நாய்க்கும் தெரிந்த இரகசியம்.

புரட்டாதி 21, ஞாயிறு

அண்ணையை ஏற்றிப்போக வான் விடியவே வந்துவிட்டது. பிள்ளையாருக்கு அடித்த தேங்காய் சரிபாதியாக உடைந்ததில் எல்லோருக்கும் திருப்தி. அம்மா அழவில்லை. வடைப் பையை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினார்.

அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். "எடி மதி, லண்டன்காரன் சரியில்லை எண்டால் சொல்லு. நான் அங்காலை சேர்ந்த உடனை போய் அவனுக்கு ரெண்டு போடுறன்."

இடையில் கடல் இருக்கிறதே என்றேன்.

"கடல் ஒரு பிரச்சினையே?"

வரைபடம் போனில் ஒன்று, கையில் அச்சடித்தது ஒன்று. முதல் பாதியை ஒப்புவிக்கச் சொன்னேன், பாடமாக்கிய பிள்ளை மாதிரி ஒப்புவித்தார். மற்றப் பாதி பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. தேவையும் இல்லை.

வீடு வெறுமை. அவருடைய துவாய் கொடியில்.

புரட்டாதி 26, வெள்ளி

தூறல். எட்டாம் வகுப்புக்கு ஆற்றின் பருவங்கள். ஒருவரும் படிக்கவில்லை, நானும்தான்.

மலையடி ஊரிலிருந்து அண்ணையின் குரற்பதிவு. "ஐஸ் பெட்டிக்குள்ளை மீன் என்ன பாடு படுமெண்டு இப்பதான் விளங்குது." விடுதிக்காரப் பெண் வரைபடத்தைப் பார்த்து, அழகான சுற்று என்றாளாம். நாளைக்கு ஏறுகிறார்கள். க2 இல் சிக்னல் இருக்கும், அங்கிருந்து எடுப்பதாகச் சொன்னார்.

அம்மா அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மீன் பகிடி வருகிற இடத்தில் ஒவ்வொரு தரமும் சிரித்தார்.

புரட்டாதி 29, திங்கள்

மழை தகரத்தில். போனைக் காதுக்குள் அழுத்தித்தான் கேட்டேன்.

அண்ணை க2 இல். முதலில் பாராட்டு: எல்லாம் நான் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்ததாம். பிறகு மற்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் கீழே பொலிஸ், வாகனம், நாய்கள். இறங்க முடியாது. பின்னால் பனி கொட்டி க1 மூடிவிட்டது. திலீப்பின் கால்விரல்கள் விறைத்துவிட்டன.

"நீ பயப்பிடாதை. உன்ரை மற்றப் பாதி இருக்குத்தானே. அதாலை சுத்தி ஊருக்கு இறங்குறம்."

"அண்ணை, அது பொய். அதாலை போகாதேங்கோ. அது காட்டுறதுக்குக் கீறினது."

"கேக்கேல்லை... கோட்டை விட்டு விலகமாட்டன், யோசியாதை."

அறுந்தது. திரும்ப எடுத்தேன், போகவில்லை. திரும்ப. போகவில்லை.

மற்றப் பாதியை இப்போதுதான் முதல்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். க2 இலிருந்து க3க்குப் போகிற வளைவில் கோடுகள் ஒட்டிக் கிடக்கின்றன. ஓங்கல். அதற்குக் கீழே ஏரி, இரண்டு பக்கமும் கரை இல்லை, பாறை. ஏ. கீறிய அதே பிழை, என் கையால். அவரை ஏசியவள் நான்.

க2க்குக் கொஞ்சம் கீழே ஒரு பள்ளம். அதில் மேய்ப்பர் குடில் ஒன்று படத்தில் இருக்கிறது. அங்கே போய் இருங்கோ என்று எழுத்திலும் குரலிலும் படத்திலும் அனுப்பினேன். ஒன்றும் போய்ச் சேரவில்லை.

 

புரட்டாதி 30, செவ்வாய்

ரியூசனை நிற்பாட்டி ஏ.க்கு எடுத்தேன்.

"தங்கச்சி, நீர் குழப்பாதையும். அங்கை ஆருக்கும் அறிவிச்சால் பிடிச்சுத் திருப்பி அனுப்புவாங்கள். ஒருக்காப் பிடிபட்டால் அவ்வளவுதான்."

உயிரோடு திருப்பி அனுப்பட்டும் என்றேன். வைத்துவிட்டார்.

மலை மீட்புக் குழுவின் நம்பரைத் தேடி எடுத்தேன். என் இங்கிலிஷ் உடைந்தது, அங்கே எடுத்த பெண்ணுடையதும் உடைந்தது, ஆனால் அவள் பொறுமையாகக் கேட்டாள். பெயர், வயது, மேற்சட்டை நிறம். அண்ணையினது செம்மஞ்சள், நல்லகாலம். ஓங்கல் இருக்கிற இடம், குடில் இருக்கிற இடம் இரண்டையும் அனுப்பினேன். இன்று மேகம், ஹெலிகொப்டர் எழும்பாது. நாளை கால்நடையாக ஒரு குழு. அதற்கு முன் விடுதியில் விசாரிப்போம் என்றாள்.

ஒரு அந்நியப் பெண் என் அண்ணையின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகினாள். சு-தா-க-ரன். அப்போதுதான் அழுகை வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். நான் ஏதோ களவெடுத்துவிட்டு வந்தவள் மாதிரிப் பார்த்தார். சம்பந்தம், ஏ.க்குக் காசு கட்ட ஈடு வைத்த வீடு, ஊர்ச் சிரிப்பு எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. 

ஐப்பசி 1, புதன்

மழை விட்டு வெயில். முற்றமெங்கும் இலையான் மொய்க்கிறது.

மதியம் கடைக்குப் போய்ப் போனுக்குக் காசு போட்டுவிட்டு வந்தேன். அம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார், யாரோ ஒரு பெண் வெளிநாட்டிலிருந்து எடுத்தாள், தமிழில் கதைத்தாள், சுதாகரன் உங்கடை மகனோ, மலைக்குப் போனவரோ என்று கேட்டாள் என்று. விடுதிப் புத்தகத்தில் அவசரத்துக்கு அண்ணை கொடுத்தது அம்மாவின் நம்பர்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்ரை மோன் கொழும்பிலை நிக்கிறான் எண்டு சொன்னன்."

காலையில் ஏ. எடுத்துச் சொல்லிக் கொடுத்தாராம். சொல்லிக் கொடுத்திருக்கவே தேவையில்லை. சண்டைக் காலத்தில் வாசலில் ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்டால் இந்த ஊர்த் தாய்மார் எல்லோரும் சொன்ன வசனம் அது. மாமாவைத் தேடி வந்தபோது இதே வாசலில் அம்மா அதைத்தான் சொன்னார். மாமா உயிர் தப்பினார். அதிகாரம் உள்ள ஒரு குரல் மகனைக் கேட்டால் அம்மாவுக்கு வேறு பதில் வராது.

மீட்புக் குழுவுக்கு எடுத்தேன். இன்று ஓர் ஆண். தாய் சொல்லிவிட்டார், ஆள் ஊரில் இருக்கிறார், ஆகவே குழு புறப்படவில்லை என்றான். கத்தினேன். இரண்டு பேர் இரண்டு கதை சொன்னால் யாரை நம்புவது, தாயை எடுத்துச் சொல்லச் சொல் என்றான். பனி மீண்டும் வருகிறது, ஏறுவதென்றால் அங்கே பொழுது படுவதற்குமுன் ஏற வேண்டும் என்று தானாகவே சொன்னான். கெட்டவன் இல்லை.

போன் அம்மாவின் முன்னால், பலகையில். நம்பரை அடித்து வைத்திருக்கிறேன், பச்சையை அமத்தினால் போதும். தமிழ் தெரிந்த அந்தப் பெண், அவர்கள் பிடித்த மொழிபெயர்ப்பாளர், இன்னும் அங்கே இருக்கிறாள்.

அம்மா கையைக் கழுவினார். துடைத்தார். கழுவிய கையைத் திரும்பக் கழுவுகிறார்.

கத்தவில்லை. கும்பிட்டுக் கேட்டேன். படியில் இருந்து இதை எழுதிக்கொண்டே இப்போதும் கேட்கிறேன்.

"அம்மா, எடுத்துக் கதையுங்கோ. அண்ணை மலையிலை நிக்கிறார் எண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ."