மன்னிப்பு என்று ஒரு லேபிள்

அன்புத் தம்பி ராஜனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்கள்: நான், உன் அத்தான், சிறுசேரியில் ஐ.டி. வேலைக்குப் போகும் என் மகள் சோபி. கர்த்தரையும் சேர்த்தால் நாலு பேர்.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் இன்னும் நீ எழுதிய புரோகிராம்தான் தண்ணீர் ஏற்றுகிறது. போன வாரம் தொட்டி நிறைந்தும் மோட்டார் நிற்கவில்லை. மாடிப்படியெல்லாம் தண்ணீர். சென்சார் கம்பி அறுந்திருந்தது. கம்பியை மாற்றியாயிற்று. ஆனால் கம்பி அறுந்தால் மோட்டார் நிற்கும்படிதானே நீ எழுதியிருப்பாய்?

அதைப் பார்க்கத்தான் உன் சி கோடை மறுபடி கம்பைல் செய்தேன். நீ கர்த்தரிடம் போன பிறகு வீடியோ பார்த்துப் படித்த அளவுக்கு எனக்கு வரும். பிழை எதுவும் இல்லை, ஒரே ஒரு வார்னிங். ‘மன்னிப்பு’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு லேபிள், அதாவது கோடில் தாவி வந்து சேரும் இடத்துக்கு ஒரு பெயர், இருக்கிறதாம்; அதை யாரும் பயன்படுத்தவில்லையாம். இதை நீ பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டாயா?

சோபி சிரித்தாள். “எல்லாரும் அந்த எடத்துக்கு எர்ரர்னு பேர் வைப்பாங்க. மாமா வெச்சிருக்கிறதைப் பாரும்மா.”

“யூஸே ஆகலைல்ல, எடுத்துடு. வார்னிங் போயிடும்,” என்றார் உன் அத்தான்.

கணக்கில் ஒரு வரி உதைத்தால் அதை நான் அடித்துவிடுவதில்லை. மேலும் கீழும் படித்தேன். அந்த லேபிளுக்குக் கீழேதான் மோட்டாரை நிறுத்தும் வரி இருந்தது. சென்சார் பதில் தராவிட்டால் அங்கே போகச் சொல்லியிருக்க வேண்டும். நீ மோட்டாரை நிறுத்தாமலே நேராக வெளியேறச் சொல்லியிருக்கிறாய்.

“வழி இருக்கு, போகச் சொல்லத்தான் ஆளில்லை,” என்றார் அவர். சோபிக்கு நீ கொண்டுவந்த கூடுவாஞ்சேரி வரனை அவர் வேண்டாமென்றதிலிருந்து உங்களுக்குள் பேச்சில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவர் உள்ளே வரவில்லை. தினமும் என்னை இறக்கிவிட்டு வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்.

“நகரு, அங்க போகச் சொல்ற வரியை நான் அடிக்கிறேன்,” என்றார் திடீரென்று. ஒற்றை விரல்தான். “இதுக்கு எத்தனை ‘என்’?”

“ரெண்டு என், ரெண்டு பி. தப்பா அடிச்சா மறுபடி வார்னிங் இல்லப்பா, எர்ரரே வரும்.”

வரவில்லை. கம்பியைக் கழற்றிப் பார்த்தோம், மோட்டார் நின்றது.

சாப்பிடும்போது கேட்டார்: “அவன் எழுதினதுல நான் கை வெச்சா கோச்சுக்குவானா?”

“எனக்கு எப்படிங்க தெரியும்? கேட்டுச் சொல்றேன்.”

அவர் அடித்த வரியை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன். நீ அவருக்கு ஒரு பதில் சொல், சீக்கிரம்.

உன் அக்கா,
கிரேஸ்