உனக்கு நான் மறுத்த சான்றிதழ்

இன்று காலை ஒரு வெள்ளைக் கார் என் புகைச் சோதனை நிலையத்தின் முன்னால் வந்து நின்றது. சரியாக எரியாத பெட்ரோலின் வாசனை கதவைத் தாண்டி உள்ளே வந்தது. கருவியின் கம்பியைப் புகைக்குழாயில் நுழைக்கும் முன்பே அது தேறாது என்று தெரிந்துவிட்டது. அந்த வாசனையில் உன்னை நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, வண்டிக்காரர் என்னை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

குவைத்தில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்துவிட்டுக் குலசேகரத்துக்குத் திரும்பியதும் நீ முதலில் வாங்கியது அந்தப் பழைய சிவப்புக் காரைத்தான். ஒரே மாதத்தில் அதன் சைலென்சரையும், புகையைச் சுத்தப்படுத்தும் பெட்டியையும் கழற்றிவிட்டு, கை நுழையும் அளவுக்கு அகலமான குழாய் ஒன்றைப் பொருத்திக்கொண்டாய். பள்ளியில் என் பக்கத்தில் இருந்து, வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே கூச்சப்பட்டவளா இவள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நீ வருவது, மழை வருவதுபோலத் தூரத்திலேயே தெரிந்துவிடும். முதலில் ஒரு முனகல், பிறகு மரங்களுக்குள் உருண்டு வரும் இடி. ஒரு மாலை இருவரும் மண்டைக்காட்டுக் கடற்கரைவரை போனோம். பேசினால் கேட்காது என்பதால் பேசவில்லை. வாழைத்தோட்டங்களும் குளங்களும் தென்னைகளும் அந்தச் சத்தத்தின்மேல் மிதந்து போய்க்கொண்டிருந்தன. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கேயோ நான் இருந்தேன்.

சான்றிதழ் காலாவதியானதும் என்னிடம்தான் வந்தாய். கருவி காட்டிய அளவு வரம்புக்கு வெகு மேலே இருந்தது. திரையை உன் பக்கம் திருப்பினேன். நீ பார்க்கவே இல்லை. பக்கத்தில் நின்ற வேறொரு காரைக் காட்டி, அதில் கம்பியை நுழைத்து உன் வண்டி எண்ணில் அச்சடித்துத் தரச் சொன்னாய். முடியாது, பழைய பெட்டியை மாட்டிக்கொண்டு வா என்றேன். அப்போதுதான் சொன்னாய்.

"ஏட்டி, அப்பாக்கு இப்பம் ஒரு சத்தமும் கேக்காது. இந்த வண்டி வளைவுல திரும்பும்பம் மட்டும் நெஞ்சுல என்னமோ தட்டுகுன்னு சொல்லுகாரு. நான் வாறது அப்பிடித்தான் அவருக்குத் தெரியும்."

அவருக்குக் காது மங்கி வருவது எனக்குத் தெரியும். முழுவதும் போய்விட்டது தெரியாது. எதிரே பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"கள்ள சர்டிபிகேட் மட்டும் எனக்க கிட்ட கேக்காத மக்கா," என்றேன்.

நீ வண்டியை எடுத்தாய். சத்தம் மரங்களுக்குள் போய்த் தேய்வதை வாசலில் நின்று கடைசிவரை கேட்டேன். அதன் பிறகு ஒன்றரை மாதம் நீ பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கார் அரவமே இல்லாமல் வந்து நின்றது. பழைய சைலென்சரும் பெட்டியும் அதனதன் இடத்தில் இருந்தன. சோதனையில் தேறியது. அச்சடித்த தாளை மடித்துக்கொண்டே நீ சொன்னாய், அப்பா பின்கட்டில் ரப்பர் ஷீட் உலர்த்திக்கொண்டு நிற்கும்போது, வண்டி வந்தது தெரியாததால் நீ போய்த் தோளில் தொட்டால் ஒவ்வொரு முறையும் நடுங்கிப்போகிறார் என்று. உன் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கடைக்குள் இருக்க விடவில்லை. கதவைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்தேன்.

அன்றைக்கே நாம் இருவரும் வயர் இழுத்து, கேட்டில் ஒரு சுவிட்சும், பின்கட்டில் அவர் கண்ணில் படும்படி ஒரு பல்பும் பொருத்தினோம். நீ சுவிட்சைப் போட்டாய். அவர் சிரித்துக்கொண்டே முன்பக்கம் வந்தார்.

"வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நெஞ்சுல தட்டல்லியே மக்கா," என்றார்.

நீ என்னைப் பார்ப்பாய் என்று பயந்தேன். நீ அவர் கையைப் பிடித்துக் காரின் முன்னிருக்கையில் உட்கார வைத்தாய். மூவரும் கடலுக்குப் போனோம். வழியெல்லாம் அவர் தன் உள்ளங்கையை முன்பலகையின்மேல் வைத்திருந்தார். எஞ்சினின் மெல்லிய நடுக்கம் அவருடைய விரல்களில் ஏறுவதைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். கடல் வந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. நீயும் எஞ்சினை அணைக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் நோய் என்றார்கள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். இவ்வளவு சீக்கிரம் போவாய் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

இப்போதெல்லாம் ஒரு வண்டி தேறவில்லை என்றால், தாளை நீட்டி அனுப்பிவிடுவதில்லை. ஏன் இந்தக் குழாய் என்று கேட்கிறேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். பெரும்பாலும் சத்தம் பிடிக்கும் என்பார்கள். அவ்வளவுதான். ஆனாலும் கேட்கிறேன்.

அந்த நாள் திரும்பி வந்தாலும் உனக்குச் சான்றிதழ் தரமாட்டேன். ஆனால் நீ வண்டியை எடுத்ததும் கடையைப் பூட்டிவிட்டு அன்றைக்கே உன் பின்னால் வருவேன். நமக்கு இருந்ததே கொஞ்ச நாள். அதில் ஒன்றரை மாதத்தை நான் வாசலில் நின்றே கழித்துவிட்டேன்.