அந்தப் பெரியப்பனும் நம் மாமாவும்

என் தங்க அக்கா தனத்துக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இங்கே வைத்திக்குப்பத்தில் எல்லாரும் நலம் என்று எழுதினால் நீ சிரிப்பாய். மீன் மட்டும் நன்றாகப் படுகிறது.

நீ பாதியில் விட்டுப்போன அந்தப் பழைய தடிப் புத்தகத்தை நான்தான் இப்போது படிக்கிறேன். ஐந்தாவதோடு நின்றவளுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மதியம் போகிறது. நான் மீன் ஆய, நீ பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டியபோது கதை என்னமாய் ஓடியது!

கதையில் வருகிற அந்தப் பெரியப்பனை என்னால் விடவே முடியவில்லை அக்கா. செத்துப்போன தம்பியின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவன். அதே ஆள், தம்பி மகளுக்குக் காய்ச்சல் என்றதும் வெள்ளத்தில் இறங்கி, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடுகிறான். நீ அதைப் படித்த அன்று நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேனே!

"இன்னாக்கா இது? அவன் நல்லவனா கெட்டவனா, ஒண்ணு சொல்லு!"

"சொல்லிட்டா நாளைக்கு கதை கேக்க வருவியாடி நீ?" என்றாய்.

அதே கதையில் நல்லவராகவே வருகிற வாத்தியாரின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. இவன் மட்டும் மார்க்கெட்டுக்கும் என்கூட வருகிறான். அடுத்து என்ன செய்வான் என்று நமக்குத் தெரியாததாலா? அவனுக்கே தெரியாததாலா? நிலத்தைத் திருப்பிக் கொடுக்கத் தம்பி வீட்டு வாசல்வரை போய், கூப்பிடாமலே திரும்பிவிடுகிறானே, அங்கே எனக்குக் கோபமும் வந்தது, அவன் பக்கத்தில் போய் உட்காரவேண்டும் போலவும் இருந்தது. ஒரே ஆள்மேல் இரண்டும் எப்படி வரும்?

நேற்று உன் வீட்டுக்காரர் வந்தார். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காத மனுஷன். உன் காரியம் முடிந்ததிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகை விட்டு இறங்கி நேரே வந்தவர், வாசலில் நின்றபடியே கேட்டார்.

"பூங்கொடி, அந்தாளு நிலத்த குடுத்தானா இல்லியா?"

"எந்தாளு மாமா?"

"அதான், உங்கக்கா படிப்பாளே. வெள்ளத்துல புள்ளய தூக்கினு போனானே."

"நீதான் அப்போ உள்ள தூங்கினு இருப்பியே!"

"கண்ணதான் மூடினு இருந்தேன்."

எத்தனை மதியம் அக்கா! உன்னோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர், போர்த்திக்கொண்டு படுத்தபடியே ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறார். உனக்கு இது தெரியுமா? அதனால்தான் சில நாள் அவ்வளவு சத்தமாய்ப் படித்தாயா?

அவரைக் கெட்டவர் என்று வைத்துக்கொண்டது எனக்குச் சுலபமாய் இருந்தது. இப்போது அது முடியவில்லை. நல்லவர் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். திக்கித் திக்கியாவது மீதியைப் படித்துக்காட்டுவேன். முடித்ததும், ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை என்று கேட்பேன். அவர் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்பேன். இது உன்மேல் சத்தியம். மன்னிப்பேனா என்று மட்டும் இப்போதே கேட்காதே அக்கா.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பூங்கொடி